ஏழாம் தொகுதியின் முன்னுரை

ஆண்டேட்டுக் கழகத்தில் எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அச்சகத்து ஃபோர்மேன் கூப்பிடுகிறார் என்றால் நியாயம். வாசல் காவலாளி கூப்பிடுகிறார் என்றால் அதுவும் சரி. வயதில் அவளைவிட நன்றாகவே மூத்தவர், நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர், கழகத்தின் தலைவர், அவரும் "அக்கா, கொஞ்சம் வர்றீங்களா?" என்று கூப்பிட்டால் என்ன செய்வது? அக்கா அதைக் கண்டுகொள்வதில்லை. செயலாளர் நாற்காலியில் உட்கார்ந்த நாளிலிருந்து அந்தக் கட்டடத்தில் அவள் சொன்னதுதான் சட்டம். சட்டம் படித்த மனிதருக்கு அது சீக்கிரமே புரிந்துவிட்டது.

அன்றைக்குத் தலைவரின் குரல் ஏகத்துக்குக் குழைந்தது. அப்போதே அக்கா உஷாராகிவிட்டாள்.

"ஏழாம் தொகுதியை வாசிப்பு இல்லாமலே அச்சுக்கு விட்டுடலாம்னு பாக்கறேன். இப்பதான் மெஷின் இருக்கே. மூலத்தையும் ப்ரூஃபையும் ஒப்பிட்டு நொடியில சொல்லிடும்."

"சொல்லும், சொல்லும். மெஷினையே உறுப்பினரா சேத்துக்கலாம். விழாவுல பேசச் சொல்லலாம். தலைவராவும் ஆக்கிட்டா உங்களுக்கும் ஓய்வு கிடைக்கும்."

"கோபப்படாதீங்க அக்கா. நூற்றாண்டு விழாவுக்குள்ள கடைசித் தொகுதி வரலைன்னா பல்கலைக்கழகத்துக்காரங்க கழகத்தையே எடுத்துக்குவாங்க. பத்தோட பதினொண்ணா அவங்க துறையில ஒரு மூலையில போய் உக்காரணும். உங்களுக்கே தெரியும்."

"தெரியும். புத்தகம் வரும். வாசிச்சுத்தான் வரும்."

"யாரு வாசிக்கறது?" என்று கேட்டுவிட்டுத் தலைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். கேட்கக் கூடாத கேள்வி அது. அந்தக் கட்டடத்தில் அத்தனை பேருக்கும் அதன் பதில் தெரியும்.

இந்த வாசிப்பு என்பது என்னவென்று தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்லித்தான் ஆகவேண்டும். அந்த நகரத்து மன்றத்தின் எழுத்தர்கள் பல தலைமுறைகளாக வருஷா வருஷம் நடந்ததை எழுதி வைத்தார்கள். எந்த வருஷம் ஆறு கரை புரண்டது, எந்தத் தெரு எரிந்தது, உப்பு வரி எதற்கு ஏறியது, யாருடைய மாடு மன்றத்துக்குள் புகுந்து தீர்மானத்தை மென்றது, எல்லாம் அதில் உண்டு. அதுதான் ஆண்டேடு. அதை அச்சில் கொண்டுவருவதென்று ஒரு மருத்துவரும் ஒரு வக்கீலும் ஒரு சோப்பு வியாபாரியும் மருந்துக் கடை மாடியில் கூடித் தொடங்கியதுதான் கழகம். முதல் தொகுதியை மூன்று பேரும் மாறி மாறிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். புத்தகம் வந்தது. ஒரே பக்கம் இரண்டு தடவை அச்சாகியிருந்தது. மூன்று மேதாவிகளில் ஒருவர்கூடக் கவனிக்கவில்லை. மானம் கப்பலேறியது.

அன்றைக்கு அந்த மருத்துவர் சொன்னாராம்: "கண்ணு சோம்பேறி. தனக்குத் தெரிஞ்சதைத்தான் பாக்கும். காதுக்கு வேலை குடுங்க." அன்றிலிருந்து விதி. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும். ஒருவர் மூலத்தைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசிப்பார். அவருக்குப் பெயர் வாய். மற்றவர் அச்சகத்திலிருந்து வந்த ப்ரூஃப் தாளைப் பார்த்துக்கொண்டே வருவார். அவர் கண். வாய் எழுத்தை மட்டும் வாசித்தால் போதாது, காற்புள்ளி வந்தால் "கால்" என்றும் முற்றுப்புள்ளி வந்தால் "புள்ளி" என்றும் சொல்ல வேண்டும். கண்ணுக்கு உள்ளது இரண்டே சொல்: சரி, நில். நில் என்று சொன்னால் சான்று காட்ட வேண்டும். எழுத்தில் இல்லாத ஒரு வார்த்தை அந்த அறையில் வரக் கூடாது. மூன்றாவது ஆள் உள்ளே இருக்கக் கூடாது. இயல் முடியாமல் எழுந்திருக்கக் கூடாது. மூலம் முதலில், முன்னுரை கடைசியில், அச்சகத்தின் முகவரி வரை எதுவும் தப்பாது. கடைசிப் பக்கத்தில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால்தான் கழகத்து முத்திரை.

இதைப் பைத்தியக்காரத்தனம் என்று நினைப்பவர்கள் தாராளமாக நினைத்துக்கொள்ளலாம். நான்கு தொகுதிகள் ஒரு தாள் இடம் மாறாமல், ஒரு வரி விடுபடாமல் வந்தது இந்தப் பைத்தியக்காரத்தனத்தால்தான். வேறு எந்தக் கழகமாவது மார்தட்டிச் சொல்லட்டும், பார்க்கலாம்.

சிக்கல் என்னவென்றால், ஆண்டேட்டின் கோணல் கையெழுத்தைத் தடங்கலில்லாமல் வாசிக்கத் தெரிந்தவர்கள் மூன்றே பேர். ஒருவர் பெரியவர், பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர். ஆறாம் தொகுதிவரை சமாளித்தார். இப்போது இரண்டு கண்ணிலும் அறுவை செய்துகொண்டு, அச்செழுத்தைக் கண்டாலே மருத்துவர் திட்டுவார் என்று வீட்டில் இருக்கிறார். மற்ற இருவரில் ஒருவர் அக்காவின் வீட்டுக்காரர். இன்னொருவன் அக்காவின் கூடப்பிறந்த தம்பி. ஐந்தாம் தொகுதி வந்த பிறகு நடந்த ஆண்டுக் கூட்டத்திலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. தம்பி கழகத்துப் படியையும் மிதிப்பதில்லை, அக்காள் வீட்டுப் படியையும் மிதிப்பதில்லை.

ஐந்தாம் தொகுதியின் வாசிப்பு நடந்தது ஒரு மருத்துவமனை நடையில். உள்ளே மேஜைமேல் மயக்க மருந்தில் கிடந்தவள் அக்கா. வயிற்றில் கட்டி. அச்சகம் காத்திருந்தது. உள்ளே போவதற்கு முன்னால் அவள் இரண்டு பேரையும் கூப்பிட்டுச் சொன்னாள்: "வெளியில உக்காந்து கையைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காதீங்க. வேலையை முடிங்க." அவள் சொன்னால் சட்டமாயிற்றே. உட்கார்ந்து முடித்தார்கள். மயக்கம் தெளியும்போது அவள் காதில் முதலில் விழுந்தது மருத்துவரின் குரல் அல்ல, தம்பியின் குரல். "உப்புக் கிடங்கு கரைந்தது. புள்ளி." இந்த இரண்டும் திருந்தாது என்று நினைத்துக்கொண்டே அவள் மறுபடி தூங்கிப்போனாள். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல அதில் என்ன இருக்கிறது?

புத்தகம் வந்தது. அதன்படி நகரத்தின் கல்பாலம் முதலில் கட்டப்பட்டது, வெள்ளம் அதற்குப் பிறகு வந்தது. அதை நம்பி ஒரு பேராசிரியர் "வெள்ளத்தை வென்ற பாலம்" என்று நீளமாகக் கட்டுரை எழுதிக் கைதட்டல் வாங்கினார். கொஞ்ச நாளில் வேறெங்கோ இருந்த ஒருவர் மூலத்தைப் பார்த்துவிட்டு, ஐயா, வெள்ளம்தான் முதலில், அது பழைய பாலத்தை அடித்துக்கொண்டு போனதால்தான் கல்பாலமே கட்டினார்கள் என்று எழுதினார். கழகத்தின் மூக்கு உடைந்தது. ஒரு தாள் முன்பின்னாகிப்போயிருந்தது, அவ்வளவுதான். ஆனால் ஆண்டுக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து நின்று, எப்படி, யாரால் என்று கேட்டபோது வீட்டுக்காரர் சொன்னார்: "தாளை அச்சகத்துக்குக் கொண்டுபோய்க் குடுத்தது நான் இல்லை."

பொய்யில்லை. கொண்டுபோனவன் தம்பிதான். ஆனால் அந்தச் சபையில் அந்த நேரத்தில் அப்படி ஒரு நிஜத்தைச் சொன்னவரை என்னவென்று சொல்வது? தம்பி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். "தப்பு என்னோடதுன்னே எழுதிக்குங்க" என்றான். போய்விட்டான்.

அதற்குப் பிறகு அக்கா இரண்டு பக்கமும் கரடியாய்க் கத்திப் பார்த்தாள். வீட்டுக்காரரிடம் பேச்செடுத்தால் அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போவார். ஒரே நாளில் மூன்று தடவை குளித்த மனிதர் அவர். தம்பியிடம் எடுத்தால் "உன் வீட்டுக்காரரைப் பத்திப் பேசறதுன்னா நான் கிளம்பறேன்" என்பான், அதுவும் அவன் வீட்டிலேயே இருந்துகொண்டு. அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். கடைசித் தொகுதியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும். தம்பி மறுபடி வீட்டுக்குள் வர வேண்டும். இது இரண்டு ஆசை அல்ல, ஒன்றுதான் என்பாள் அவள். யாருக்குத் தைரியம், இல்லையென்று சொல்ல?

தலைவரிடம் பேசிவிட்டு அவள் நேராகத் தம்பி வீட்டுக்குப் போனாள். தம்பி பத்திரங்களை மொழிபெயர்த்துக் கொடுக்கிற வேலையில் இருக்கிறான். மேஜை நிறைய யாரோ யாருக்கோ விற்ற நிலங்கள்.

"வாய் வேணும்டா" என்றாள்.

"என் வாயா? அது அந்த அறையில கேக்காதுன்னு நான் சொல்லியாச்சு."

தம்பி மனைவி உள்ளிருந்து தலையை நீட்டினாள். "அண்ணி, அந்த வாய் தூங்கறப்பகூட கால், புள்ளின்னு உளறுது. கூட்டிக்கிட்டுப் போயிடுங்க, புண்ணியமாப் போகும்."

"நீ சும்மா இரு" என்றான் தம்பி. காது சிவந்துவிட்டது. பிறகு பென்சிலைச் சீவினான், ஏற்கெனவே கூராக இருந்த பென்சிலை. "சரி. வர்றேன். ஆனா எழுதினதைத் தவிர அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

"அட மடையா, அதுதானே கழகத்து விதியே!"

வீட்டில் வீட்டுக்காரர் அதைவிடச் சுருக்கமாகச் சம்மதித்தார். "வாசிக்கட்டும். எனக்கென்ன?" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார்.

வாசிப்பு தொடங்கியது. கழகத்தின் மாடியில் வாசிப்பு அறை, நீள மேஜை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரே ஜன்னல். கதவுக்கு மேலே காற்றுக்காகத் திறந்து வைத்த ஒரு சின்னக் கண்ணாடிப் பலகை. கதவுக்கு வெளியேதான் அக்காவின் மேஜை. அவளாக அங்கே போட்டுக்கொண்டதல்ல, எப்போதும் அங்கேதான் இருந்தது என்று சொல்லிக்கொள்வாள். காலையில் தம்பி வருவான், மூலத்தின் படப்பிரதியை எடுத்துக்கொள்வான், உட்காருவான். வீட்டுக்காரர் ப்ரூஃபை எடுத்துக்கொள்வார், உட்காருவார். வணக்கம் கிடையாது, ஒரு செருமல்கூடக் கிடையாது. அதற்கப்புறம் உள்ளே ஒரு குரல் ஓடிக்கொண்டே இருக்கும், இன்னொரு குரல் இடையிடையே சரி போடும்.

அந்தச் சரியில் எத்தனை வகை என்று அக்காவுக்கு நாளாக நாளாகத் தெரிந்தது. சிடுசிடுத்த சரி, உறுமுகிற சரி, பல்லைக் கடித்த சரி. ஒரு நாள் மன்ற உறுப்பினர்கள் நாற்காலிச் சண்டை போட்ட கதை வந்தபோது தம்பிக்கே குரலில் சிரிப்பு எட்டிப்பார்த்தது. பதிலுக்கு வந்த சரியும் கொஞ்சம் குலுங்கியது. உடனே இரண்டு பேரும் சுதாரித்துக்கொண்டார்கள். நல்ல வீராப்பு!

"இன்னிக்குப் பேசினீங்களா?" என்று வீட்டில் கேட்பாள்.

"வாசிச்சான். சரின்னேன்."

தம்பி படியிறங்கும்போது அவள் மேஜைப் பக்கம் நின்று, வேறு யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வான்: "உன் வீட்டுக்காரர் இருமறாரு. இருமல் மூலத்துல இல்ல. மருந்து வாங்கிக் குடுத்து அனுப்பு."

மருந்து வாங்கிக் கொடுத்தாள். "யார் சொன்னா நான் இருமறேன்னு?" என்று வீட்டுக்காரர் முறைத்தார். "வாய்" என்றாள். மனிதர் மடக்கென்று குடித்துவிட்டுப் போனார்.

இப்படியே பேசாமலே கடைசித் தொகுதியையும் முடித்துவிட்டுப் பிரிந்துபோகிற ஆட்கள்தான் இரண்டு பேரும், சந்தேகமே வேண்டாம். விடாக்கண்டன் ஒருவன், கொடாக்கண்டன் ஒருவர். அப்போதுதான் அக்காவுக்கு மண்டையில் உறைத்தது. வீட்டில் பேசினால் ஒருவர் குளிக்கப் போகிறார், ஒருவன் கிளம்பிவிடுகிறான். இந்த உலகத்தில் அவர்கள் இரண்டு பேரும் எழுந்து போக முடியாத ஒரே இடம் அந்த அறைதான். எழுதியிருப்பதை வாசித்தே ஆக வேண்டும் என்று தம்பி கட்டுப்பட்ட இடம், ஒவ்வொரு வரிக்கும் சரியா இல்லையா என்று அவர் பதில் சொல்லியே ஆக வேண்டிய இடம். ஏழாம் தொகுதிக்கு முன்னுரை இன்னும் எழுதப்படவில்லை. கழகத்தின் நூறாண்டு வரலாறு அதில் வர வேண்டும். எழுத வேண்டியவர் யார்? செயலாளர்.

அவள் எழுதினாள். யாருக்கும் காட்டவில்லை. மருத்துவமனையில் அன்றைக்கு நடையில் இருந்த செவிலியரைத் தேடிப் பிடித்துக் கேட்டாள். அச்சகத்து ஃபோர்மேனைக் கேட்டாள். கேட்டதை எழுதினாள், தெரியாததைத் தெரியாது என்று எழுதினாள். கழகத்தில் அப்படித்தான் எழுத வேண்டும். தலைவர் "முன்னுரையை ஒரு பார்வை பாக்கட்டுமா?" என்று கேட்டதற்கு, "அச்சுல பாருங்க" என்றாள். வீட்டுக்காரர் கேட்டதற்கும் அதே பதில்தான்.

"அப்படி என்னத்தை எழுதியிருக்கே?"

"வரலாறு."

கடைசி நாள் வந்தது. அவள் தட்டச்சு செய்த தாள்களைத் தம்பி கையில் கொடுத்தாள், ப்ரூஃபை வீட்டுக்காரர் கையில் கொடுத்தாள், கதவைச் சாத்தினாள். தன் மேஜையில் உட்கார்ந்தவள், உட்கார முடியாமல் எழுந்து கதவோரம் வந்து நின்றாள். உள்ளே தம்பியின் குரல் கிளம்பியது.

"முதல் தொகுதியில் ஒரே பக்கம் இரண்டு முறை அச்சாயிற்று. புள்ளி. மூவரும் அதைக் காணவில்லை. புள்ளி."

"சரி."

மருந்துக் கடை மாடி வந்தது, வக்கீல் கொடுத்த மேஜை வந்தது, சோப்பு வியாபாரி காகிதம் வாங்கிக் கொடுத்தது வந்தது. சரி, சரி, சரி. இரண்டு குரலும் நல்ல ஓட்டத்தில் இருந்தன. நான்காம் தொகுதி தாண்டியது. அக்கா காதைக் கதவோடு ஒட்டிக்கொண்டாள். அவளுக்குப் பயமா என்று கேட்டால் ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"ஐந்தாம் தொகுதியின் வாசிப்பு, கால், வாசிப்பு அறையில் நடக்க..." தம்பியின் குரல் நின்றது. நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. எழுந்துவிட்டானோ? எழ முடியாது, இயல் முடியவில்லை. ஒரு பெருமூச்சு. "நடக்கவில்லை. புள்ளி. மருத்துவமனை நடையில் நடந்தது. புள்ளி. அந்த ஏற்பாட்டைச் செய்தவர் செயலாளர். புள்ளி. முதல் தவறு அவருடையது. புள்ளி."

"சரி." அந்தச் சரி மட்டும் கொஞ்சம் வேகமாகவே வந்தது. இருக்கட்டும், வீட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா.

"நடுவில் கதவு திறந்து செவிலியர் வெளியே வந்தார். புள்ளி. வாயாக இருந்தவர் பதறி எழுந்ததில், கால், அவர் முழங்கை பட்டு ப்ரூஃப் தாள்கள் தரையில் சிதறின. புள்ளி."

"சரி." இந்தச் சரி மெதுவாக வந்தது.

"இன்னும் நேரமாகும் என்று மட்டும் செவிலியர் சொன்னார். புள்ளி. இருவரும் தரையில் மண்டியிட்டுத் தாள்களைப் பொறுக்கி அடுக்கினார்கள். புள்ளி. ஒரு தாள் இடம் மாறியது. புள்ளி. அதை யார் கை மாற்றியது என்று யாருக்கும் தெரியாது. புள்ளி."

"சரி."

"வாசித்து முடித்த தாள்களை வாயாக இருந்தவர் அச்சகத்துக்குக் கொண்டுபோனார். புள்ளி. அவர் அடுக்கைச் சரிபார்க்கவில்லை. புள்ளி. அச்சகத்தில் கொடுத்த வரிசையிலேயே பக்க எண் போட்டார்கள். புள்ளி." தம்பி தன் தவறைத் தன் வாயாலேயே வாசித்தான், தடுமாறாமல் வாசித்தான். அக்காவுக்கு அவனை நினைத்துப் பெருமையாக இருந்தது. "மாறிய தாளை எட்டியபோது கண் அதைக் கண்டிருக்க வேண்டும். புள்ளி. கண் ஏன் நில் என்று சொல்லவில்லை என்பதற்குச் சான்று இல்லை. புள்ளி."

சரி வரவில்லை.

தம்பி காத்திருந்தான். வாய் அடுத்த வரிக்குப் போக முடியாது. ஜன்னலுக்கு வெளியே யாரோ வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார்கள். அந்தச் சத்தமும் அடங்கிய பிறகு வீட்டுக்காரர் சொன்னார்.

"நில்."

கண் நில் என்றால் சான்று சொல்ல வேண்டும். அதற்கு மட்டும் விதி பேச அனுமதிக்கிறது.

"சான்று இருக்கு" என்றார். "நான் பாத்தேன். நீ வெள்ளத்தை வாசிச்சுக்கிட்டு இருந்தே, என் கையில பாலம் கட்டின தாள் இருந்துச்சு. வெள்ளத்துத் தாள் அடியில கிடந்துச்சு. உருவி எடுத்துப் பாத்துட்டு சரின்னு சொல்லிட்டு, மறுபடி அடியிலயே செருகிட்டேன். தாளை இடம் மாத்தி வெக்கணும்னா நில்லுன்னு சொல்லியாகணும், அதுதான் விதி. அந்தச் சொல் நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. சொல்லலை. சொன்னா நீ நிறுத்தியிருப்பே. நீ நிறுத்தினா அந்த நடையில ஒரு சத்தமும் இருந்திருக்காது. அந்தக் கதவு மட்டும்தான் இருந்திருக்கும். உன் குரல் ஓடிக்கிட்டு இருக்கற வரைக்கும் உள்ள அவளுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு எனக்கு ஒரு நினைப்பு. கிறுக்குத்தனம்தான். படிச்சவன் சொல்ற பேச்சா இது? அவ கண்ணு முழிச்சதும் தாள் நினைப்பே வரலை. கூட்டத்துல சொல்ல வெக்கமா இருந்துச்சு. அதனால உன் தலையில போட்டுட்டேன். தப்பு என்னோடது, மச்சான்."

வெளியே அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் ஒரே வீட்டில், ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டு, துண்டும் கையுமாய் ஓடிய மனிதர் இதைத்தான் கழுவப் போனாரா? அவரை இரண்டு அறை அறைய வேண்டும்போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும்போலவும் இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். துடைக்கத் துடைக்க வந்தது.

உள்ளே பென்சில் உரசும் சத்தம் கேட்டது. தம்பி எழுதினான். மூக்கை உறிஞ்சிக்கொண்டே எழுதினான். அது மூலத்தில் இல்லைதான். போகட்டும்.

"திருத்தம்" என்றான். "வாசிப்பு நின்றுவிடக் கூடாது என்பதற்காகக் கண் நில் என்று சொல்லவில்லை. புள்ளி. சரியா, அத்தான்?"

"அத்தான் எழுத்துல இல்லையேடா."

"சேத்துக்கலாம். இடம் இருக்கு."

அப்போது சிரித்தது யார் முதலில் என்று அக்காவுக்குக் கடைசிவரை தெரியவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தார்கள் என்றே வைத்துக்கொள்ளலாம். சிரிப்பு அடங்கும்போது தம்பி கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தான். "அக்கா! ஒட்டுக் கேக்கலாம்னு விதியில இருக்கா?"

"மூணாவது ஆள் உள்ள இருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு. வெளியில நிக்கக் கூடாதுன்னு எவன் எழுதினான்?" என்றாள் அவள். குரல் உடைந்துவிடாமல் பார்த்துக்கொண்டாள். "எந்திரிக்காதீங்க. இயல் முடியலை. எனக்கும் ஒரு திருத்தம் இருக்கு. எழுதிக்கோ. 'உள்ளே இருந்தவருக்கு அந்த வாசிப்பு கேட்டது.' புள்ளி."

தம்பி எழுதி வாசித்தான். "உள்ளே இருந்தவருக்கு அந்த வாசிப்பு கேட்டது. புள்ளி."

"நில்" என்றார் வீட்டுக்காரர். பழக்கம் விடுமா? "சான்று?"

அக்கா கதவில் நெற்றியை வைத்துக்கொண்டாள்.

"'உப்புக் கிடங்கு கரைந்தது. புள்ளி.' கண்ணு முழிக்கறப்ப அதுதான் காதுல விழுந்துச்சு. இந்த ரெண்டும் திருந்தாதுன்னு நினைச்சுக்கிட்டு நிம்மதியாத் தூங்கிட்டேன்."

அது வெள்ளத்துத் தாளின் வரி. அடியிலிருந்து அவர் உருவி எடுத்த தாள். அதில் எந்த வரி எங்கே இருக்கிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவர் சொல்வார். அவர் நில் என்று சொல்லியிருந்தால் அந்தக் குரல் அங்கேயே நின்றிருக்கும், உள்ளே அவள் விழித்தபோது வெளியே நடையில் ஒரு சத்தமும் இருந்திருக்காது.

உள்ளே தம்பி மெல்லச் சொன்னான். "அத்தான், சொல்லுங்க. இயல் முடிக்கணும். ஃபோர்மேன் கீழ காத்துக்கிட்டு இருக்காரு."

"இருடா" என்றார் அவர். மூக்கைச் சிந்தினார். பிறகு, இத்தனை தொகுதிகளிலும் அவள் கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்.

"சரி."